ஆமை கண்ணைத் திறக்கவில்லையா? முதலில் பெட்டியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஒக்டோபர் மழை தொடங்கியதும் ஆமை வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கடிதங்கள் கண்ணைப் பற்றியே இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. பல்கனியில் இருந்த பெட்டியை வீட்டுக்குள் எடுத்து, ஜன்னலை அடைத்து, புது விளக்கு மாட்டி, பக்கத்தில் நுளம்புத் திரியும் கொளுத்தும் காலம் இது. ஆமையின் கண்ணுக்குப் பிடிக்காத அத்தனையும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிடுகின்றன.

*எங்களிடம் ஐந்து மாதச் சல்கேட்டா தரையாமைக் குட்டி ஒன்று இருக்கிறது. ஓட்டின் நீளம் 7 சென்ரிமீற்றர். காலையில் இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டால் திறக்கும். மத்தியானத்துக்குள் திரும்ப மூடிவிடும். கண்ணாடித் தொட்டியில் மரச்சீவல் போட்டு, பிள்ளைகளின் அறையில் வைத்திருக்கிறோம். இரவில் அந்த அறையில் ஏசி ஓடும். என்ன மருந்து விடலாம்?*
— வாசகி, வெள்ளவத்தை

இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம். தண்ணீரில் விட்டதும் திறக்கிறது, பெட்டிக்குள் போனதும் மூடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணை உறுத்துவது பெட்டிக்குள் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

நாம் அழுதால் மூக்கும் ஒழுகும். கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீரை இறக்கும் குழாய் நமக்கு இருக்கிறது. ஆமைக்கு அந்தக் குழாய் இல்லை. அதன் கண்ணீர் இமையோரம் தேங்கி, கன்னத்தில் வழிந்து, காற்றில்தான் உலரவேண்டும். ஆகவே கண்ணில் விழுந்த தூசியும் உள்ளே வடிந்து போவதில்லை, கண்ணீரோடு குழைந்து இமையில் பசைபோல நிற்கிறது. காற்று உலர்ந்திருந்தால் அந்தப் பசை இறுகும். உங்கள் குட்டியின் கண்ணோ தரையிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. நடக்கும்போதும் தோண்டும்போதும் அதன் காலே தூசியை முகத்துக்கு எழுப்பிவிடும்.

மரச்சீவலில் இரண்டு தொல்லைகள். ஒன்று அதிலுள்ள நுண்தூள். மற்றது பைன், தேவதாரு போன்ற மரங்களின் பிசின் வாசனை. நமக்கு நல்ல வாசனையாகத் தெரிவது, மூடிய தொட்டியில் இரவு முழுவதும் அதையே சுவாசிக்கும் குட்டிக்குக் கண்ணிலும் மூச்சுக்குழலிலும் எரிவாக இருக்கும். அதற்கு மேல் ஏசி. கொழும்பில் வெளிக்காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 75 முதல் 85 வீதம் வரை நிற்கும். ஏசி அறையில் அது மளமளவென்று இறங்கிவிடும், வெப்பமும் 22, 23 பாகைக்குப் போய்விடும். ஆமை தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் எடுக்கிறது. 22 பாகையில் அதன் நோயெதிர்ப்பும் மந்தமாகும், கண் இமைக்கவும் மனம் வராது.

சல்கேட்டா, சஹாராவின் தென்விளிம்பு நாட்டு ஆமைதான். அதனால் குட்டியையும் உலர்வாகவே வைக்கவேண்டும் என்று கடைகளில் சொல்வதுண்டு. அது தவறு. அங்கே குட்டிகள் மழை தொடங்கும் பருவத்தில் மண்ணை விட்டு வெளியே வருகின்றன, ஈரமான வளைகளுக்குள் ஒதுங்கி வளர்கின்றன. குட்டிக்கு 70 முதல் 80 வீத ஈரப்பதம் வேண்டும். வெள்ளவத்தையில் அதற்குச் செலவே இல்லை, ஏசியிலிருந்து தள்ளி வைத்தாலே போதும்.

இன்று இரவே சீவலை முழுக்க அள்ளிவிட்டு, தொட்டியைச் சுடுநீரால் துடைத்து, பழைய பருத்தித் துணியை விரியுங்கள். ஒரு மூலையில் சிறிய பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி, அதற்குள் பிழிந்த ஈரத்துணி வையுங்கள். தொட்டியை ஏசி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். மின்விசிறி நேரே அடிக்கவும் கூடாது.

அடுத்து நிரந்தரப் படுக்கை. தும்புத்தூள்தான் நமக்குக் கிடைப்பதில் நல்லது. பூங்கன்றுக் கடைகளில் ‘கொஹுபத்’ என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஆனால் அதை வாங்கியபடியே போடவேண்டாம். தென்னம் மட்டையை உவர்நீரில் ஊறவைப்பதும் உண்டென்பதால் தூளில் உப்பு இருக்கும், அந்த உப்பும் கண்ணை உறுத்தும். தண்ணீரில் ஊறவைத்து, அரிசிச் சாக்கில் கொட்டிப் பிழியுங்கள். மூன்று தடவையாவது செய்யவேண்டும். பிழியும் தண்ணீர் முதலில் கறுப்புச் சாயம்போல வரும், இளந்தேநீர் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தலாம். அதில் இரண்டு பங்குக்கு உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டமண் ஒரு பங்கு சேருங்கள். 120 சென்ரிமீற்றர் நீளமும் 60 அகலமும் உள்ள பெட்டியில் 8 சென்ரிமீற்றர் கனத்துக்கு ஏறக்குறைய 60 லீட்டர் கலவை வேண்டும்: தும்பு 40, மண் 20. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடையே நீர் சொட்டக்கூடாது. மேலிருந்து தெளிப்பதைவிட, கிழமைக்கு ஒருமுறை இரண்டு மூலைகளில் அரை லீட்டர் ஊற்றிவிடுங்கள். அடி ஈரமாகவும் மேல் ஓரளவு உலர்வாகவும் இருக்கும். முழுக்க உலரவிட்டால் தும்பும் தூசியாகப் பறக்கும், மரச்சீவலை மாற்றிய பயன் போய்விடும்.

கண்ணாடித் தொட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளியே தெரிகிற இடத்துக்குப் போக வழி இல்லை என்பது ஆமைக்கு விளங்காது. நாள் முழுக்க முகத்தைக் கண்ணாடியில் தேய்த்தபடி நடக்கும், மூக்கும் இமையும் புண்ணாகும். இப்போதைக்கு வெளிப்புறம் சுற்றிவர 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தடித்த காகிதம் ஒட்டுங்கள். பிறகு மரப்பெட்டிக்கு மாறுங்கள். பலகைக்கு வார்னிஷ் அடித்தால், வாசனை முற்றாக அடங்கும்வரை இரண்டு மூன்று கிழமை காற்றில் வைத்துவிட்டே ஆமையை விடவேண்டும்.

கல்சியம் தூளையும் கவனியுங்கள். உலர்ந்த கீரையில் தூவினால் முகம் புதைத்துச் சாப்பிடும்போது இமைக்குள் போகும். ஈரக் கீரையில் ஒரு சிட்டிகை பிசிறிக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தால் மூன்று நான்கு நாளில் மாற்றம் தெரியவேண்டும். ஒரு கிழமை கழிந்தும் கண் ஒட்டிக்கொண்டே இருந்தால் இப்பகுதியின் கடைசிப் பதிலைப் படியுங்கள்.

*புறக்கோட்டையில் சுருள் வடிவ யூவிபி (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்) மின்குமிழ் ஒன்று வாங்கி, மேசை விளக்கில் பொருத்தி, பெட்டியின் பக்கவாட்டில் வைத்தேன். இரண்டாம் நாளே ஆமை கண்ணை மூடிக்கொண்டு மூலையில் ஒளிந்துவிட்டது. மின்குமிழ் போலியா? யூவிபி இல்லாமல் ஓடு வளையும் என்கிறார்களே?*
— வாசகர், கொட்டாஞ்சேனை

உடனே அந்த விளக்கை அணையுங்கள். புது விளக்கு மாட்டி ஒன்றிரண்டு நாளில் ஆமை கண்ணை மூடி ஒளிந்தால், வேறு காரணம் தேடுவதற்கு முன் விளக்கைத்தான் சந்தேகிக்கவேண்டும். வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு இரவில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல எரியுமே, அதே காயம்தான் இது. கருவிழியின் மேல்தோல் கதிரில் வெந்துபோகிறது. விளக்கை எடுத்தால் அநேகமானவை சில நாட்களில், கடுமையாக இருந்தால் இரண்டு கிழமைக்குள், தேறிவிடும். அதுவரை சாதாரண அறை வெளிச்சமே போதும். இரண்டு கிழமை யூவிபி இல்லாததால் ஓடு வளைந்துவிடாது.

மின்குமிழ் போலியா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் வைத்த இடம் நிச்சயமாகத் தவறு. சூரியன் மேலேதான் இருக்கும். ஆமையின் புருவ மேடும் இமையும் மேலிருந்து வரும் கதிருக்குக் கூரையாக அமைந்தவை. பக்கவாட்டில் இருந்து வரும் கதிரைத் தடுக்க அதற்கு எதுவும் இல்லை. யூவிபி விளக்கு எதுவானாலும் உச்சியில், ஓட்டுக்கு நேர்மேலே இருக்கவேண்டும்.

தோலில் வைற்றமின் டி3 உண்டாக வேண்டிய யூவிபி கதிரின் அலைநீளம் 280 முதல் 315 நனோமீற்றர் வரையிலானது. அதற்குக் கீழே இறங்க இறங்கக் கண்ணுக்கு ஆபத்து. சுருள் மின்குமிழ்கள் சிலவற்றில் இந்தக் கீழ்ப்பகுதிக் கதிர் அதிகம் கசிந்து ஆமைகளின் கண்ணைக் கெடுத்தது பழைய சிக்கல். தரமான தயாரிப்பாளர்கள் அதைத் திருத்திவிட்டார்கள் என்றாலும், பெயர் தெரியாத பெட்டியில் வருவதை நம்ப முடியாது. இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். கிருமி கொல்லும் யூவி டியூப்களும், தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்கான டியூப்களும் கடைகளில் பக்கத்திலேயே இருக்கும். அவை 254 நனோமீற்றர். ‘யூவி’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் அதைக் கொடுத்துவிடக்கூடும். ஆமைக்கு மட்டுமல்ல, அந்த அறையில் இருக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் அது கேடு.

ஆமைக்கு நல்லது டி5 எனப்படும் நீளமான, மெல்லிய யூவிபி டியூப். பின்னால் பிரதிபலிப்புத் தகடு இருக்கவேண்டும், பெட்டி நீளத்தில் பாதிக்கு மட்டும் ஒளி விழவேண்டும், மறுபாதி நிழல். யூவிபி 6 வீதம் என்று குறித்த டியூபை ஓட்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்திலும், 12 வீத டியூபை 45 சென்ரிமீற்றர் உயரத்திலும் தொடங்கலாம். பெட்டியில் தயாரிப்பாளர் அச்சிட்ட தூர அட்டவணை இருந்தால் அதன்படி செய்யுங்கள். யூவி அளவுமானி கையில் கிடைத்தால், ஓட்டின் மட்டத்தில் யூவி சுட்டெண் (கதிரின் வலிமையைக் காட்டும் எண்) 3 முதல் 4 வரை வரட்டும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வைத்தால் யூவிபி வராது, வெளிச்சம் மட்டும்தான் வரும். டியூபை ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்திருக்கும். புது டியூபை முதல் நாளிலேயே பன்னிரண்டு மணித்தியாலம் போடாதீர்கள். மூன்று மணித்தியாலத்தில் தொடங்கி ஒரு கிழமையில் ஏற்றுங்கள்.

கொழும்பில் இருப்பவர்கள் விளக்குக்கு இவ்வளவு செலவழிக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். இங்கே உச்சி வெயிலில் யூவி சுட்டெண் பல நாட்களில் 10ஐத் தாண்டும். காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் அரை மணித்தியாலம், பாதி நிழலோடு, கம்பிவலைக் கூட்டில் விட்டால் எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. கண்ணாடி யூவிபியை மறித்துச் சூட்டை மட்டும் சேர்க்கும், சில நிமிடங்களில் ஆமை வெந்து இறந்துவிடும்.

*கண்ணுக்குப் பன்னீர் விடலாமா? தாய்ப்பால் நல்லது என்று மாமி சொல்கிறார். நந்தியாவட்டைப் பூச்சாறு, மனிதர்களுக்கான சொட்டு மருந்து, இவற்றில் எது பாதுகாப்பு?*
— வாசகி, பம்பலப்பிட்டி

இந்த நான்கில் ஒன்றும் வேண்டாம். பன்னீரில் வாசனைப் பொருள் இருக்கும். பாலும் பூச்சாறும் ஈரமான இமைக்குள் கிருமிக்குச் சாப்பாடு. மாமி அன்பினால்தான் சொல்கிறார், நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லிவந்தவைதான், ஆனால் ஆமையின் கண்ணில் கண்ணீர் வடிய வழியில்லை என்பதை நினையுங்கள். விட்டது உள்ளேயே நிற்கும். மனிதர்களுக்கான சொட்டு மருந்துகளில் சிலவற்றில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் சேர்ந்திருக்கும். கருவிழியில் கீறல் இருக்கும்போது அதை விட்டால் கீறல் ஆறாமல் ஆழமாகும். கண்ணே போய்விடக்கூடும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பாமசியில் கிடைக்கும் 0.9 வீதக் கிருமியற்ற சேலைன். அறைச் சூட்டில் இருக்கவேண்டும். ஆமையைத் துணியில் நிறுத்தி, தலையை இழுக்காமல், அதுவே நீட்டும்வரை பொறுத்து, இரண்டு சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து ஒரு கண்ணுக்கு ஏழெட்டுச் சொட்டு விழவிடுங்கள். ஒட்டிய இமையை நகத்தால் பிரிக்கவேண்டாம். சேலைனில் நனைத்த பஞ்சற்ற துணியை அரை நிமிடம் இமைமேல் வைத்தால் பொருக்கு தானே இளகும். பஞ்சு வேண்டாம், அதன் இழை உள்ளே சிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று நாளைக்கு மேல் வேண்டாம். திறந்த போத்தலை அன்றே தீர்த்துவிடுங்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் உங்கள் கண்ணைத் தொடக்கூடாது. ஆமையின் உடலில் சல்மொனெல்லா இருப்பது சாதாரணம், பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

*மூன்று வயதுச் சல்கேட்டாவை மழைக்காலத்தில் கராஜில் அடைக்கிறோம். சிமெந்துத் தரை. தினமும் பிளீச் ஊற்றிக் கழுவுகிறோம், பிறகு பினாயிலும் போடுகிறோம். இவ்வளவு சுத்தமாக வைத்தும் கண் சிவந்து நீர் வடிகிறது.*
— வாசகர், வத்தளை

சுத்தம் செய்யும் முறையே கண்ணைச் சுடுகிறது. ஆமையின் சிறுநீரிலும் அதோடு வரும் வெள்ளைக் கூழிலும் இருப்பது கிருமிகளால் சிதைந்து அமோனியாவாகும். அதன்மேல் நேரே பிளீச் ஊற்றினால் குளோரமைன் என்ற வாயு கிளம்பும். நமக்கே கண்ணும் தொண்டையும் எரியும், தரையோடு தலையை வைத்திருக்கும் ஆமையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பினாயில், டெட்டோல் போன்ற பீனால் வகைத் திரவங்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. அவற்றை ஆமை இருக்கும் இடத்தில் அறவே நிறுத்துங்கள்.

ஆமையை வெளியே எடுத்துவிட்டே கழுவத் தொடங்கவேண்டும். முதலில் மலசலத்தை அள்ளி, வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி போட்டுத் தும்புத்தடியால் தேய்த்து, மறுபடி அலசுங்கள். தினமும் இது போதும். பிளீச் கிழமைக்கு ஒருமுறை, அதுவும் அலசி முடிந்த தரையில் மட்டும்: 5 வீத வீட்டுப் பிளீச் என்றால் ஒரு லீட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலீட்டர். பத்து நிமிடம் விட்டு, இரண்டு தடவை அலசி, வாசனை முற்றாகப் போய்த் தரை உலர்ந்த பிறகே ஆமையை விடவேண்டும்.

அமோனியா இருக்கிறதா என்று பார்க்க மூக்கை மட்டும் நம்பாதீர்கள். தினமும் புழங்குகிறவருக்கு அந்த வாடை பழகிவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் பாவிக்கும் சிவப்புப் பாசிச்சாயத்தாளை (லிட்மஸ் தாளை) சுத்தமான நீரில் நனைத்து, இரவில் ஆமையின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். விடியும்போது நீலமாகியிருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கதவின் அடியில் ஒன்றும், எதிர்ச்சுவரின் மேலே ஒன்றுமாக இரண்டு காற்றுவழி வையுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டால் காற்று ஓடாது. வெறும் சிமெந்தில் நிற்கவிடாமல் தூங்கும் மூலையில் தும்பு, மண் கலவையை 15 சென்ரிமீற்றர் கொட்டுங்கள். அதே கராஜில் காரை இயக்கிச் சூடாக்குவீர்கள் என்றால் அதையும் நிறுத்தவேண்டும்.

*வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் நுளம்புத் திரியும் ஆமைக்கு ஆகாதா? மாநகரசபையினர் நுளம்புக்குப் புகை அடிக்க வரும்போது என்ன செய்வது?*
— வாசகி, கொட்டாஞ்சேனை

சாம்பிராணி காட்டும் அரை மணித்தியாலம் ஆமைப்பெட்டியை வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தினால் சரி. நுளம்புத் திரி வேறு விடயம், அது இரவெல்லாம் புகையும், அந்தப் புகையில் பூச்சிக்கொல்லியும் இருக்கிறது. டெங்கு பரவும் ஊரில் நுளம்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. திரிக்குப் பதிலாகப் பெட்டியின் மேல் நுளம்பு வலை போடுங்கள், இமையில் கடிக்கும் நுளம்பும் வராது. புகை அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தி ஆமையை உள்ளறையில் வையுங்கள். தண்ணீர்த் தட்டைக் கொட்டிக் கழுவி, பல்கனித் தரையை அலசி, மறுநாள் காலைதான் வெளியே விடவேண்டும். அன்று தோட்டத்துப் புல்லும் செவ்வரத்தம் பூவும் கொடுக்காதீர்கள்.

*கல்கிசைக் கடற்கரை மணலைக் கழுவி நீராமைத் தொட்டியின் அடியில் போட்டிருக்கிறேன். சிவப்புக் காது ஆமை, 10 சென்ரிமீற்றர். இரண்டு இமையும் பட்டாணிபோல வீங்கிவிட்டன. உலர்ந்த இறால்தான் விரும்பிச் சாப்பிடும், இப்போது அதுவும் இல்லை.*
— வாசகர், தெஹிவளை

தரையாமையின் கண் நோயையும் நீராமையின் கண் நோயையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. உங்கள் ஆமைக்கு மணலைவிடப் பெரிய காரணம் அந்த இறால். வைற்றமின் ஏ நீண்ட நாள் குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பிகளின் உள்தோல் தடித்து உதிர்ந்து அடைத்துக்கொள்ளும். இமைகள் உப்பும். நீராமை கண்ணால் பார்த்தே இரை பிடிப்பதால், கண் மூடியதும் பட்டினி தொடங்கும். கீரை தின்னும் தரையாமைகளில் இது அரிது.

உலர் இறாலை நிறுத்துங்கள். நீராமைக்கென்றே செய்த குளிகை உணவை அடிப்படையாக வைத்து, கங்குன் கீரை, துருவிய கரட், மஞ்சள் பூசணி, கிழமைக்கு இரண்டு தடவை முழுதாகச் சிறு மீன் கொடுங்கள். முள்ளும் குடலும் சேர்ந்த மீனாக இருக்கவேண்டும், வெறும் சதைத் துண்டு பயன் தராது. ஆனால் இமை இவ்வளவு வீங்கிச் சாப்பாடும் நின்ற நிலையில் உணவு மாற்றம் மட்டும் காணாது, இந்தக் கிழமையே வைத்தியரிடம் போகவேண்டும். வைற்றமின் ஏ ஊசியை யாரோ சொன்னார்கள் என்று நீங்களே போட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் கழுத்திலும் காலிலும் தோல் உரிந்து புண்ணாகும்.

தண்ணீரும் முக்கியம். 10 சென்ரிமீற்றர் ஓட்டுக்கு ஏறக்குறைய 150 லீட்டர் வேண்டும். அதைவிடச் சிறிய தொட்டியில் இரண்டே நாளில் அமோனியா ஏறிக் கண்ணை எரிக்கும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டவேண்டும். தொட்டிக் கொள்ளளவின் இரண்டு மடங்குக்குத் தகுந்த வடிகட்டி போடுங்கள், கிழமைக்கு மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். மாற்றும் குழாய்நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை, ஏறி உலர 30 பாகைக்கு மேல் சூடான மேடை ஒன்று. மணலை எடுத்துவிடுங்கள். கழுவினாலும் சிப்பித் துணுக்கின் கூர்மை போகாது. அடியில் எதுவும் இல்லாத தொட்டியே கழுவ இலகு.

*தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் பல்கனியில் வளர்க்கிறேன். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள். காகமும் வந்து உட்காருகிறது. பயப்பட வேண்டுமா?*
— வாசகர், மட்டக்குளி

காகத்துக்கு நிச்சயம் பயப்படவேண்டும். அசையாமல் கிடக்கும் குட்டியின் கண்ணைத்தான் முதலில் கொத்தும். மேல்வலை இல்லாமல் ஒரு நிமிடமும் விடாதீர்கள், வலைக்கண் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும். கம்பியை வெட்டிய முனைகள் உள்ளே நீட்டாமல் மடியுங்கள்.

சிமெந்துத் தூசி காரத்தன்மை உடையது, ஈரக் கண்ணில் பட்டால் எரிக்கும். வேலை நடக்கும் பக்கத்தில் பழைய போர்வையை நனைத்துத் திரையாகக் கட்டலாம், ஆனால் மாலையில் தரையைக் கழுவிய பிறகு ஆமையை விடுவதே நல்லது. எறும்பு ஏறும் வீடென்றால், சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுபோல் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

பல்கனிச் செடிகளையும் பாருங்கள். யூபோர்பியா என்று அழகுக்கு வைக்கும் முள்செடி, கள்ளி வகைகள், எருக்கு ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் கருவிழி வெந்துபோகும். ஆமை கடித்துப் பார்க்காமல் விடாது. இதற்குப் பதிலாகச் செவ்வரத்தை, வல்லாரை, பொன்னாங்காணியைத் தொட்டியில் வையுங்கள், கண்ணுக்கும் வயிற்றுக்கும் நல்லது. வைக்கோல் மட்டும் படுக்கையாகப் போடவேண்டாம். அதன் கூர்நுனி இமைக்குள் புகுந்தால் வெளியே தெரியாது, மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடிக்கும்.

*புத்தளத்திலிருந்து உறவினர் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஒரு கண்ணில் நீர் வடிகிறது. எப்படிப் பராமரிப்பது?*
— வாசகர், இரத்மலானை

அதை வைத்திருக்க முடியாது என்பதை முதலில் சொல்லவேண்டும். நட்சத்திர ஆமை இந்தியா, பாகிஸ்தானைப் போலவே நம் நாட்டிலும் இயற்கையாக வாழும் காட்டு உயிர்களில் ஒன்று. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். அதன் உலக வணிகமும் 2019இல் தடைசெய்யப்பட்டது. அந்தத் தீர்மானத்தை எடுத்த மாநாடு முதலில் கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு, ஓகஸ்டில் அங்கே நடந்தது. இந்த ஆமையைக் காப்பாற்றக் கேட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று.

பத்தரமுல்லையிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள். நீங்களே ஏதாவது காட்டில் விட்டுவிடாதீர்கள். கண்ணில் நீர் வடியும் ஆமை நோயைக் காட்டு ஆமைகளுக்குக் கொண்டுபோகக்கூடும். ஒப்படைக்கும்வரை துணி விரித்த பெட்டி, நிழல், ஆழமில்லாத தண்ணீர், அருகம்புல். வீட்டில் வேறு ஆமை இருந்தால் தட்டு, துணி எதையும் பொதுவாகப் பாவிக்கவேண்டாம்.

*எந்த நிலையில் வைத்தியரிடம் போகவேண்டும்? ஆமை பார்க்கும் வைத்தியர் குறைவு. எதைக் கேட்கவேண்டும்?*
— வாசகி, வெள்ளவத்தை

கன்னத்தில் இலேசாக ஈரம் தெரிவது இயல்பு, அதற்கு ஓடவேண்டாம். பெட்டியைச் சரிசெய்தும் ஒரு கிழமையில் தேறாத கண்ணுக்குப் போகவேண்டும். ஒரு கண் மட்டும் திடீரென மூடினால் கீறலோ துரும்போ இருக்கும், இரண்டு நாளுக்கு மேல் பொறுக்கவேண்டாம். கருவிழியில் வெண்புள்ளி, இமைக்குள் பாலாடைக்கட்டிபோன்ற கட்டி, மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போங்கள். ஆமையின் சீழ் தண்ணீராக வராது, கட்டியாகவே நிற்கும். அதை வீட்டில் தோண்டக்கூடாது. கண் வீங்காமல் குழிவிழுந்தால் அது நீரிழப்பு. 28 முதல் 30 பாகைத் தண்ணீரில், தாடை மூழ்காத ஆழத்தில், தினமும் இருபது நிமிடம் விடுங்கள். இரண்டு நாளில் நிமிராவிட்டால் அதுவும் வைத்தியருக்கு உரியது. மூக்கு ஒழுகலோடு வரும் கண் நோய் தொற்றக்கூடியது. புதிதாக வாங்கும் ஆமையை மூன்று மாதம் தனி அறையில் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வைத்தியரிடம் இரண்டு விடயம் கேளுங்கள். கருவிழியில் புண் உண்டா என்று நிறச்சாயம் விட்டுப் பார்த்தாரா? கொடுக்கும் மருந்தில் ஸ்டீரொய்ட் உண்டா? மூன்றாவதை நீங்களே சொல்லுங்கள்: ஆமைக்கு ஐவர்மெக்டின் கொடுக்கக்கூடாது. நாய்க்கும் மாட்டுக்கும் வழக்கமாகக் கொடுக்கும் அந்தப் பூச்சிமருந்து ஆமையைக் கொன்றுவிடும். கொழும்பில் ஊர்வன பார்ப்பவர் கிடைக்காவிட்டால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. உங்கள் வைத்தியர் அங்கே கேட்டு ஆலோசனை பெறலாம்.

போகும்போது ஆமையைத் துவாய் விரித்த பெட்டியில், காரின் ஏசிக் காற்று நேரே படாமல் வையுங்கள். சமையல் தராசில் நிறுத்து, எடையைக் கிராமில் எழுதிக்கொள்ளுங்கள், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. கைத்தொலைபேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டு போங்கள்: பெட்டி முழுதாக, படுக்கை கிட்டத்தில், விளக்கும் அது தொங்கும் உயரமும், விளக்கு வந்த அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எழுத்து.